உங்கள் அம்மா எதையும் புதைத்து வைக்கவில்லை

என் பிள்ளைகளே,

உங்கள் அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. இந்த நாளில் உறவினர் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது நம் பக்கத்திலும் வழக்கமாகி வருகிறது. அச்சாபீஸ்காரர் என்னிடம் பழைய மாதிரி ஒன்றைக் கொடுத்து, "பேரும் ஊரும் மாத்திக் குடுத்தா போதும், மத்தது எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். அதில் "சிக்கனத்தின் உறைவிடமாய்த் திகழ்ந்து" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அடித்தேன். பிறகு யோசித்து, முழுத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நானே எழுதித் தருகிறேன் என்றேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது பிழையாக வந்ததல்ல.

இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களோடு சேர்ந்து மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். பதினாறாம் நாளன்று நம் வீட்டு அடுப்பங்கரையைத் தோண்டியவர்கள் கட்டாயம் வாசிக்கட்டும்.

உங்கள் அம்மா பணத்தைச் சேர்த்து எங்கேயோ புதைத்து வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நீங்கள் மூவரும் அதை நம்பிவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உங்கள் அம்மா பிறந்தது மேல்பட்டிக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். அவர்களுடைய தகப்பனார் காட்டில் ஆவாரஞ்செடி வெட்டி, பட்டையை உரித்துக் கட்டுக் கட்டாக வியாபாரிகளுக்குப் போடுகிறவர். தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும். அதனால் நம் ஊரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு வேலை இருக்கும் வரை அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியும். நடக்கத் தெரிந்த நாள் முதல் உங்கள் அம்மாவும் அவர்களுடைய அண்ணனும் பட்டை உரித்தவர்கள். கலியாணத்தன்று உங்கள் அம்மாவின் கையில் மருதாணி பிடிக்கவில்லை. பட்டைச் சாயம் அப்படி ஊறிப்போயிருந்தது. "பொண்ணு கை ஏன் இப்படி இருக்கு?" என்று என் பக்கத்து மனிதர் ஒருவர் கேட்டதற்கு, அவர்களே தலையை நிமிர்த்தி, "கழுவினா போவாது, வேணும்னா நீங்க தேச்சுப் பாருங்க" என்றார்கள். மணப்பெண் பேசுகிற பேச்சா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அப்போது ஆம்பூரில் சுண்ணாம்புக் குழியில் வேலை. தோலிலிருந்து ரோமம் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டுகிற வேலை. கை வெந்துவிடும். சில வருஷம் என் அண்ணன் வீட்டில் கூட்டாக இருந்தோம். பெரியவன் பிறந்த பிறகு தனியாக வந்தோம். ஓர் அறையும், பின்னால் ஓலை இறக்கிய அடுப்பங்கரையும். தனி அடுப்பு வைத்த அன்று, உங்கள் அம்மா தரையில் ஒரு சாண் பள்ளம் தோண்டி, மஞ்சள் துணியில் ஒரு காலணாவை முடிந்து வைத்து, அதன்மேல் மண்ணைப் போட்டு அடுப்பைக் கட்டினார்கள். புது அடுப்புக்கு அடியில் ஒரு காசு வைப்பது அவர்கள் பிறந்த வீட்டு வழக்கம். அந்த அடுப்பில் உலை ஏறாத நாள் வரக் கூடாது என்பதற்காக வைப்பதாம். இந்தக் காலணாவைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது பின்னால் உங்களுக்கே விளங்கும்.

சனிக்கிழமை கூலி. அன்றைக்கே சந்தை. உங்கள் அம்மா சந்தையில் முதலில் கேழ்வரகும் உப்பும் மிளகாயும் வாங்கிவிடுவார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்தான். அரிசிச் சோறு ஞாயிற்றுக்கிழமை மட்டும். எண்ணெயைக் கிண்ணத்திலிருந்து ஊற்றுகிற பழக்கமே அவர்களுக்குக் கிடையாது. கோழி இறகு ஒன்றை எண்ணெயில் தொட்டு அடையின்மேல் தடவுவார்கள். பக்கத்து வீட்டு பீபியம்மா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு வாசற்படியில் நின்று சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா, அடை சுடுறியா, வைத்தியம் பண்றியா?"

"அடைக்கு ஜொரம் அக்கா. மருந்து ஜாஸ்தி ஆவக் கூடாது."

புடவை நடுவில் நைந்துபோனால் நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் இரண்டையும் நடுவில் வைத்து மூட்டிக் கட்டிக்கொள்வார்கள். அது மறுபடி நைந்தால் உங்களுக்குச் சட்டை. சட்டை போனால் போர்வைக்கு ஒட்டு. அதுவும் போனால் விளக்குக்குத் திரி. நீங்கள் மூவரும் போர்த்திய போர்வையில் உங்கள் அம்மாவின் கலியாணப் புடவைத் துண்டு ஒன்று உண்டு. சிவப்பு நிறம். நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டை. தோல் ஊறிச் சாரம் இறங்கிய பட்டை ஷாப்புக்கு ஆகாது. பின்பக்கம் கொட்டிவிடுவார்கள். பெண்கள் கூடையில் அள்ளி வந்து தெருவோரம் காயவைத்தால் அது விறகுக்கு ஆகும். காயும் வரைக்கும் தெரு நாறும். எரிக்கும்போது கண் கரிக்கும். ஆனால் விலை கிடையாது. நம் தொழிலில் ஐப்பசி கார்த்திகை வந்தால் தோல் காயாது. ஷாப்பில் பாதிப் பேருக்கு வேலை இராது. கூலி இல்லாத அந்த நாட்களுக்காக, உங்கள் அம்மா சித்திரை வைகாசி வெயிலில் கூடை கூடையாகப் பட்டையைச் சுமந்து காயவைத்துக் கூரை வரை அடுக்குவார்கள். நம் தேவைக்குப் போக மிஞ்சியதை மோர்க்காரிக்குக் கொடுத்து மோர் வாங்குவார்கள். மழையில் நாம் பட்டினி கிடக்காததற்குக் காரணம் இதுதான். வேறு எந்த ரகசியமும் இல்லை.

நாம் யாரிடமும் போய் நின்றதில்லை. யாரும் நம் வாசலில் வந்து சத்தம் போட்டதில்லை. இதுதான் உங்கள் அம்மாவுக்கு வினையாக முடிந்தது.

முதல் வினை ஷாப்பிலிருந்து வந்தது. ஒரு வருஷம் தோல் விலை இறங்கிவிட்டது என்று கூலியைக் குறைத்தார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கணக்குப்பிள்ளை முன்னால் போய் நின்றோம். இந்தக் கூலியில் குடும்பம் நடக்காது என்று சொன்னோம். அவர் எங்களைப் பார்த்துவிட்டு, என்னைக் கை காட்டினார்.

"இவன் வூட்டப் பாருங்கடா. கடன் உண்டா, கலாட்டா உண்டா? இதே கூலிதானே? இவன் பொஞ்சாதி நடத்துறா இல்ல? உங்க பொம்பளைங்களுக்குத் துப்பில்லனா ஷாப்பு இன்னா பண்ணும்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவன் என்னை விட்டு ஓர் அடி தள்ளி நின்றான். கோரிக்கை அங்கேயே கலைந்துபோனது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் அம்மா கூழ் கரைத்துக்கொண்டிருந்தார்கள். கை நின்றது.

"என் பேரச் சொல்லியா கூலிய ஏத்தல?"

"உன்ன மெச்சித்தான் சொன்னாரு."

"மெச்சினாரா? நாளைக்கு மத்தியானம் அந்த மெச்சலுக்குப் பதில் சொல்றேன்."

மறுநாள் மத்தியானம், பெண்கள் சாப்பாடு கொண்டுவருகிற நேரம், உங்கள் அம்மா கூழ்ச் சட்டியை எனக்குக் கொடுக்கவில்லை. நேரே கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற தாழ்வாரத்துக்குப் போனார்கள். சட்டியை அவர் மேசைமேல் வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றோம்.

"தொறந்து பாருங்க சாமி."

"இன்னாம்மா இது?"

"கூழு. அஞ்சு பேருக்கு. அடி தெரியுதா பாருங்க. தெரியும், தண்ணிதானே. என் வூடு நடக்குது நடக்குதுன்னீங்களாமே, இப்படித்தான் நடக்குது."

"நல்லதுதானேம்மா சொன்னேன். ஒன்ன மாதிரி எல்லாரும் இருக்கணும்னு..."

"நல்லதுன்னா உங்க வூட்ல ஒரு வாரம் செஞ்சு பாருங்க. கூழு நான் கரைச்சுத் தர்றேன். இனிமே இவங்க கூலி கேட்டா என் வூட்டக் காட்டாதீங்க. நான் கம்மியா ஆக்குறது எங்களுக்குப் பத்தலன்னுதான். பத்துதுன்னு இல்ல."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். முந்தின நாள் தள்ளி நின்றவன்தான் பெரிதாகச் சிரித்தான். கணக்குப்பிள்ளையின் முகம் கறுத்தது. கூலி ஏறவில்லை. உங்கள் அம்மாவைப் பட்டை அள்ள விடக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு போனது. அந்த நாட்களில் தெருப் பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் கூடையிலிருந்து இரண்டு கை பட்டையை நம் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்.  உங்கள் அம்மா அளவுக்கு அள்ள ஆள் இல்லாமல் கொஞ்ச நாளில் பின்பக்கம் பட்டை மலையாகக் குவிந்து அழுகத் தொடங்கவே, உத்தரவு தானாக மறைந்தது.

பிள்ளைகளே, "நான் கம்மியா ஆக்குறது பத்தலன்னுதான்" என்று உங்கள் அம்மா சொன்னார்களே, அதைக் கணக்குப்பிள்ளை விளங்கிக்கொள்ளவில்லை என்றால் அவருக்குச் சம்பளமே அதற்குத்தான். நம் சொந்த மனிதர்களே விளங்கிக்கொள்ளவில்லை. இரண்டாவது வினை அங்கிருந்து வந்தது.

உங்கள் மாமா, உங்கள் அம்மாவின் அண்ணன், பட்டை வியாபாரத்தில் கொஞ்சம் மேலே வந்தவர். ஒரு வண்டி இருந்தது. இரண்டாவது வண்டி வாங்க வேண்டும் என்று தங்கையிடம் கேட்டு வந்தார். உங்கள் அம்மா இல்லை என்றார்கள். உண்மையிலேயே இல்லை. அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மெழுகிய தரை, கூரை வரைக்கும் பட்டை, வயிறு காயாத மூன்று பிள்ளைகள். "இல்லாத வூடு இப்படி இருக்காது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று முதல், கலியாண வீடு, சாவு வீடு எங்கே போனாலும், தன் தங்கை அடுப்புக்கடியில் புதைத்து வைத்திருக்கிறாள் என்றுதான் பேச்சு. கோழி இறகில் எண்ணெய் தொடுகிறவள் மிச்சத்தை எங்கே கொண்டுபோவாள்? பட்டையை அள்ளி அள்ளி வந்தாளே, அதை விற்ற காசு எங்கே? மிச்சம் பிடிக்கிறவள் சேர்த்துத்தான் வைத்திருப்பாள் என்று அவர்களுக்கு முடிவாகிவிட்டது. மிச்சம் பிடித்ததை நாம் ஐப்பசியில் தின்று தீர்த்துவிட்டோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் மழையில் உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் குடித்தார்கள். மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் வண்டி பிடிக்கப் போனேன். "மழை விடட்டுங்க, வண்டிக்காரன் மழையில ஜாஸ்தி கேப்பான்" என்றார்கள். நான் கேட்காமல் வண்டி கொண்டுவந்தேன். பாலாற்றைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் மாமா பிறந்த வீட்டுக் கோடி கொண்டு வந்தார். நல்ல புடவை, சரிகைக் கரை போட்டது. மூட்டுப் போட்ட புடவையை எடுத்துவிட்டு அதைப் போர்த்தினார்கள். உயிரோடு இருந்தபோது அந்தப் புடவையைக் கொண்டு வந்திருந்தால் நான்கு வருஷம் கட்டியிருப்பார்கள். பிறகு உங்களுக்குச் சட்டை ஆகியிருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்டு, வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, தங்கச்சி வெச்சத இன்னா பண்ணப் போற?"

"எத மச்சான்?"

"தெரியாத மாதிரி கேக்காத. பசங்களுக்கு ஆவணும் இல்ல? நீ ஒரு நாளைக்குக் கள்ளுக்கட பக்கம் போனா போச்சு. எல்லாரும் இருக்கச்சொல்லவே எடுத்துடுவோம்."

நான் எழுந்து நின்றேன்.  பெரியவனே, அவர் உன்னைப் பார்த்து, "டேய், கடப்பாரை எடுத்தா" என்றார். நீ என் முகத்தைப் பார்க்காமல் போய் எடுத்து வந்தாய். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீயும் பல வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் உன் அம்மா உன்னிடம் மறைத்து வைத்தார்கள் என்று நீ நம்பினாய். இதையெல்லாம் அந்த ஒரு நம்பிக்கைக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

நான் தடுத்திருந்தால் இருக்கிறது என்றே முடிவாகியிருக்கும். ஆகவே, "தோண்டுங்க" என்றேன்.

அடுப்பை உடைத்தார்கள். ஒரு சாண் ஆழத்தில் கருகிய துணி முடிச்சு வந்தது. உள்ளே காலணா.

"பாத்தியா!" என்று உங்கள் மாமா கத்தினார். அவர் கண்ணில் தங்கையின் சாவு இல்லை.

"அது அடுப்பு வெச்ச அன்னிக்கு வெச்சது மச்சான். உங்க வூட்டு வழக்கம்தான். உங்க அம்மா வெச்சிருப்பாங்க, உங்க பொஞ்சாதி வெச்சிருப்பாங்க. நீங்களே பாத்திருப்பீங்க."

"எனக்கே வழக்கம் சொல்றியா? இது மேலாக்க வெச்ச அடையாளம். கீழ இருக்குது."

தன் வீட்டு அடுப்புக்கு அடியிலும் இதே காலணா இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தோண்டினார். முழங்கால் ஆழம் வந்தது. பிறகு அடுப்பங்கரை முழுவதையும் கொத்தினார்கள். பட்டை அடுக்கைச் சரித்தார்கள். கேழ்வரகுப் பானையைக் கவிழ்த்தார்கள். பீபியம்மா வாசலில் வந்து நின்று, "மவுத்து வூட்ல இன்னா பேஜார் இது? அந்தப் பொண்ணு எண்ணெயக்கூட எறகுல தொட்டவ. அவகிட்ட இன்னாய்யா தேடுறீங்க?" என்று சத்தம் போட்டார்கள். "அதனாலதான் தேடுறோம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பதினாறாம் நாளன்று, அந்த வீட்டில், சிரித்தார்கள்.

மண்ணைத் தவிர ஒன்றும் வரவில்லை. உங்கள் மாமா கையைத் தட்டிக்கொண்டு, "வேற எங்கியோ வெச்சிருக்கா" என்றார்.

இதுதான் என் கோபம், பிள்ளைகளே. தோண்டியதைக்கூட மன்னித்துவிடலாம். தோண்டி ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகும் நம்பவில்லையே, அதை எப்படி மன்னிப்பது? இருக்கிறவர்கள் கம்மியாகச் செலவு செய்தால் மீதி சேரும். நம்மைப் போன்றவர்கள் கம்மியாகச் செலவு செய்தால் சனிக்கிழமை வரும். அவ்வளவுதான். உங்கள் அம்மா வாழ்நாள் முழுவதும் ஒரு சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமைக்கு ஐந்து பேரைச் சேதமில்லாமல் கொண்டுசேர்த்தார்கள். அந்த வேலை எவ்வளவு பெரிது என்று பார்க்கத் தெரியாதவர்கள் அதற்கு ஒரு புதையலைக் கற்பனை செய்துகொண்டார்கள். அவர்களைச் சிக்கனக்காரி என்று புகழ்ந்தவர்களும் சரி, கஞ்சப்பிசினாறி என்று ஏசியவர்களும் சரி, ஒருவர்கூட ஒரு நாள் உள்ளே வந்து அந்தச் சட்டியின் அடியைப் பார்த்ததில்லை.

எங்கே வைத்திருப்பார்கள் என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், உங்களைத் தொட்டுக் காட்டுங்கள். பெரியவன் அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கக் கற்கிறான். பெண் ஐந்தாம் வகுப்பு வாசிக்கிறாள், நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை போனதில்லை. சின்னவன் ஒரு மழைக்காலத்திலும் பசித்து அழுததில்லை. வைத்த இடம் இதுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, மூன்று நாள் நமக்குக் கஞ்சி கொடுத்த பீபியம்மாவுக்கு. மழையில் பாடையைத் தோளில் வாங்கிய ஷாப்பு ஆட்களுக்கு. இரண்டு கை பட்டை போட்டுவிட்டுப் போன பெண்களுக்கு. வண்டிக்காரருக்கும் நன்றி. மழையென்று அவர் கூடுதலாகக் கேட்கவில்லை, திரும்பி வரும்போது ஒன்றுமே வாங்கவில்லை. வெட்டியெறிகிற காகிதத்தில் இந்தப் புத்தகத்தை அச்சிட்டுத் தந்த அச்சாபீஸ்காரருக்கு. கோடிப் புடவை கொண்டுவந்த என் மைத்துனருக்கும் நன்றி. அது முறை. முறையை நான் விடவில்லை.

இன்னொன்று. இது உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் போன பிறகு, பீபியம்மா உங்களை மூவரையும் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்களே, அப்போது நான் தனியாக அந்தப் பள்ளத்தை மூடினேன். வெளியே போட்ட மண் எல்லாம் திரும்ப உள்ளே போகவில்லை. மிஞ்சிய மண்ணைச் சாணியோடு குழைத்து அடுப்புக் கட்டினேன். எனக்கு அடுப்புக் கட்டத் தெரியாது. சுண்ணாம்பில் வெந்த கையில் சாணி பட்டால் எரிகிறது. மூன்று குமிழும் மூன்று உயரத்தில் வந்தன. இரண்டு தரம் உடைத்துக் கட்டினேன். காலணா வாசற்படியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் உப்பு வாங்கிவந்தேன். அடுப்புக்கு அடியில் ஒன்றும் வைக்கவில்லை. பிறகு பானையைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது, ஆனால் நின்றது.